கழற்றிப் பார், தம்பி!

"பழைய இரும்புக்குப் போட்டால் என்ன தேறும்?"

கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிற தாத்தாவின் புல்லட்டைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கேட்கிற கேள்வி இது. பெரியப்பா கேட்டார். மாடிவீட்டுக்காரர் கேட்டார். போன போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது நீயும் கேட்டாய். உன் தாத்தா அந்த வண்டியில்தான் பெண் பார்க்கப் போனார் என்பது தெரிந்தே கேட்டாய்.

வெட்கப்படு. கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுவிட்டு மேலே படி.

நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. "இதை நானே கழற்றிப் பூட்டினால் என்ன?" இந்தக் கேள்வி ஏன் உன் நாக்கில் வரவில்லை? சின்ன வயதில் கடிகாரத்தைத் திருப்பி ஒரு திருகாணியைக் கையில் எடுத்தாய், முதுகில் ஒன்று விழுந்தது. "தொடாதே, கெட்டுப்போயிடும்" என்றார்கள். அன்றைக்கு மடக்கிய விரலை இன்றுவரை நீ நீட்டவில்லை. மிக்ஸி நின்றால் கடை, குழாய் சொட்டினால் ஆள், சைக்கிள் செயின் கழன்றால் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை. நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்து அரியர் இல்லாமல் பாஸ் செய்தவன்கூட ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற ஆள் தேடுகிறான். படித்தவன் கையில் கிரீஸ் படலாமா என்கிற நினைப்பு வேறு! கை அழுக்காகாமல் கிடைத்த படிப்பில் எது உன்னுடையது, எது புத்தகத்துடையது என்று உனக்கே தெரியாது.

மேடைப் பேச்சைக் கேட்டுக் கைதட்டி வாங்கிவருகிற உற்சாகம் பேருந்து நிறுத்தம் வரை வரும். அதற்குமேல் வராது. துருப்பிடித்த நட்டு ஒன்றோடு அரை நாள் மல்லுக்கட்டி, "டக்" என்று அது விட்டுக்கொடுக்கிற அந்த ஒரு கணத்தில் உள்ளங்கைக்குள் ஏறுகிறதே, அது தங்கும். அதைத்தான் உனக்குக் கொடுக்கப் பார்க்கிறேன். இலவசமாக இல்லை. தோல் உரியும், இடுப்பு வலிக்கும், வீட்டில் திட்டு விழும்.

கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஒரு கிராமத்துப் பிள்ளை, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போனான். கோவைக்குப் போய் ஓட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்துக் காசு சேர்த்தான். அந்த வண்டியை விலைக்கு வாங்கினான். ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அவர் காசு சேர்த்த கதையில் உருகிப் போகிறார்கள். காசு சேர்த்து வண்டி வாங்கியவர்கள் ஆயிரம் பேர் உண்டு, தம்பி. அவர் வாங்கிய வண்டியை அக்கக்காகப் பிரித்தார், திரும்பப் பூட்டினார். அதில்தான் இருக்கிறது சங்கதி. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கிப் பிறகு மோட்டார் தயாரிப்புவரை போன கை, முதலில் அந்த வண்டியின் நட்டில் பழகிய கை. அவருக்கு வகுப்பெடுத்தது யார்? யூடியூப் காணொளியா?

இன்னொருவர், நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்கிற ஊர்க்காரர், பர்ட் மன்றோ. 1920இல் ஒரு 'இந்தியன் ஸ்கவுட்' வாங்கினார். பெயர்தான் இந்தியன், வண்டி அமெரிக்க வண்டி. வாங்கும்போது மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் ஓடும். அதை விற்றுவிட்டு வேறு வாங்கினாரா? இல்லை. கொட்டகையில் வைத்துப் பிரித்தார், பூட்டினார், மறுபடி பிரித்தார். பிஸ்டனைப் பழைய டப்பாக்களை அச்சாக வைத்து வார்த்தார். அளவெடுக்க மைக்ரோமீட்டர் இல்லை, பழைய ஸ்போக் கம்பியில் ஒன்று செய்துகொண்டார். டிராக்டர் அச்சைச் செதுக்கிக் கனெக்டிங் ராடு ஆக்கினார். உடைந்ததையும் வெடித்ததையும் குப்பையில் போடவில்லை, 'வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதிவைத்து அலமாரியில் வரிசையாக அடுக்கினார். 1967இல், அமெரிக்காவின் போன்வில் உப்புச் சமவெளியில், அதே 1920 வண்டியில் மணிக்கு 295 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68. உனக்கு எத்தனை? இருபத்தாறா? வயசாகிவிட்டது என்று ஜிம்முக்குப் போவதை நிறுத்தியவன் நீ!

போகட்டும். உன்னை நான் உப்புச் சமவெளிக்குப் போகச் சொல்லவில்லை. வாசல் தெரு முனைவரை போனால் போதும்.

அந்தத் தார்ப்பாயை இழு.

தூசி பறக்கும், பல்லி ஓடும், சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கும். பயப்படாதே. இது நம் ஊர் வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து 1955இல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் வளர்ந்தது. 346 சி.சி. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் 90. ஒரே சிலிண்டர். இரண்டு வால்வு. ஒரு கார்புரேட்டர். ஒரு ஜோடி பாயின்ட். அவ்வளவுதான்! சென்சார் இல்லை, கணினி இல்லை. லேப்டாப்பைச் செருகிக் கேட்டால்தான் நோயைச் சொல்வேன் என்கிற பிகு இந்த வண்டிக்குக் கிடையாது. பெட்ரோல், காற்று, நெருப்பு, அமுக்கம். நான்கில் எது குறைந்தது என்று பார்க்கத் தெரிந்தால் நீ பாதி மெக்கானிக். உன் வீட்டில் நிற்பது ராஜ்தூத்தோ, மைசூரில் செய்த எஸ்டியோ, ஆர்.எக்ஸ்.100ஓ, எதுவானாலும் கணக்கு இதேதான்.

முதல் நாளே கிக்கரின் மேல் ஏறிக் குதிக்காதே. குதிக்கிறவன் வீரன் இல்லை, அவசரக்காரன். வருடக்கணக்காக நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். நீ எகிறிக் குதித்தால் உடைவது துரு இல்லை, கிக்கர் ராட்செட். பிளக்கைக் கழற்று. அந்த ஓட்டையில் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்று. ஊறட்டும். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசை. நகரவில்லையா? மறுபடி ஊற்று, விட்டுவிடு. வேலைக்குப் போய்விட்டு வா. மறுபடி அசை. ஒரு வாரம் ஆகட்டும், இரண்டு வாரம் ஆகட்டும். ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சக்கரம் ஒரு விரற்கடை நகரும் பார், அன்றைக்கு நீ சோறு கேட்கமாட்டாய்.

அதன்பிறகு பிரி. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடு. ஒயருக்கு ஒயர் டேப் ஒட்டி எண் எழுது. அம்மாவிடம் பழைய இட்லித் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கு. ஒரு குழியில் டைமிங் கவர் திருகுகள், ஒரு குழியில் கார்புரேட்டர் திருகுகள், ஒரு குழியில் டேப்பட் கவர் நட்டு. திருப்பித் தருவேன் என்று பொய் சொல்லாதே, அது இனிமேல் சமையலறைக்கு ஆகாது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் திறந்திருக்கிற இடத்தில் பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது. பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதாதே. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடை.

ஸ்பானர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதே. பழைய புல்லட்டில் இஞ்ச் அளவு நட்டும் இருக்கும், மில்லிமீட்டர் நட்டும் இருக்கும். 'கிட்டத்தட்ட' பொருந்துகிற ஸ்பானரை மாட்டி முறுக்கினால் நட்டின் மூலை மழுங்கும், பிறகு உளி வைத்து வெட்டத்தான் வேண்டும். ஸ்க்ரூ ஸ்பானரை வீட்டுக் குழாய்க்கு வைத்துக்கொள்.

இங்கே ஒரு நட்டைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். டைமிங் கவரைத் திறந்தால், கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டுகிற வார்ம் நட்டு ஒன்று தெரியும். பார்த்தால் சாதாரண நட்டு. நீ வழக்கம்போல் இடப்பக்கம் திருப்புவாய். அசையாது. ஸ்பானருக்குப் பைப் மாட்டி நீளமாக்குவாய். அசையாது. பல்லைக் கடித்து ஏறி மிதிப்பாய். உடையும்! ஏனென்றால் அது எதிர்மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வாழ்க்கையில் எத்தனை இடத்தில் 'எனக்குப் பலம் போதாது' என்று உட்கார்ந்துவிட்டாய்? பலத்தில் குறையில்லை ஐயா, திருப்பிய திசை தப்பு! அசையாத எதையும் முதலில் உற்றுப் பார். மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் மிதி.

உன் தெருமுனை மெக்கானிக் அண்ணன் எந்தக் கல்லூரியில் படித்தார்? அரைக்கால் சட்டை வயதில் ஒரு பட்டறையில் சேர்ந்து, மண்ணெண்ணெயில் செயின் கழுவி, "பன்னிரண்டு பதிமூணு எடுடா" என்றால் தப்பான ஸ்பானரை நீட்டிக் குட்டு வாங்கித் தேறியவர். இன்றைக்கு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, "டேப்பட் இல்லை தம்பி, சின்ன புஷ் போயிருக்கு" என்கிறார். அவரிடம் போய் நில். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாதே, கையில் பிஸ்டனை எடுத்துக்கொண்டு போ. "அண்ணே, இந்தப் பக்கம் மட்டும் ஏன் கோடு விழுந்திருக்கு?" என்று கேள். வண்டியைக் கொண்டுவருகிறவனுக்கு அவர் பில் போடுவார். கேள்வியைக் கொண்டுவருகிறவனுக்கு டீ சொல்வார்.

எல்லாவற்றையும் நானே செய்வேன் என்கிற வீம்பும் வேண்டாம். சிலிண்டருக்குப் போர் அடிப்பது, கிராங்க் வேலை, குரோம் முலாம், வெல்டிங் இவை லேத்துக்கும் பட்டறைக்கும் உரியவை. கொடு. கொடுத்துவிட்டு அங்கேயே நின்று பார். போர் அடித்து வாங்கிய சிலிண்டரில் எந்த அளவு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்று எழுதிவைத்துக்கொள். உதிரி பாகத்துக்குச் சென்னை என்றால் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. புதுப்பேட்டையில் பேரம் பேசத் தெரியாமல் திரும்பினாலும் பரவாயில்லை, பொருளைத் திருப்பிப் பார்க்கத் தெரியாமல் திரும்பாதே.

வால்வை நீயே தேய். கிரைண்டிங் பேஸ்ட்டை விளிம்பில் தடவி, குச்சியில் ரப்பர் வைத்த லேப்பிங் கோலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல் உருட்டு. முதலில் சொரசொர என்று கேட்கும். போகப் போகச் சத்தம் மெலிந்து வழுவழுவென்று ஓடும். துடைத்துப் பார்த்தால் விளிம்பு முழுக்க ஒரே சீரான சாம்பல் வளையம் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் விட்டிருந்தாலும் மறுபடி. பிறகு போர்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி வை, ஒரு சொட்டுக்கூட வால்வைத் தாண்டிக் கசியக்கூடாது. உன் வேலைக்கு மார்க் போட வாத்தியார் வேண்டாம், அந்தப் பெட்ரோலே போடும்.

பூட்டும்போது டேப்பட். இன்ஜின் குளிர்ந்திருக்க, பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியில் நிற்க, சிலிண்டர் பக்கத்தில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்தால் இரண்டு புஷ் ராடின் அடிப்பாகம் தெரியும். ராடைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டு. தடையில்லாமல் சுழல வேண்டும். அதே ராடை மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. சுழலவில்லையா, இறுக்கம் அதிகம், வால்வு முழுதாக மூடாமல் கருகும். ஆடுகிறதா, தளர்வு, 'டக டக' என்று தெருவுக்கே கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது அந்த இடம். லாக் நட்டை இறுக்கும்போது அது நழுவும். மறுபடி வை. மறுபடி நழுவும். மறுபடி வை! எந்த மீட்டரும் காட்டாத அளவை உன் விரல் நுனி ஒரு நாள் சொல்லும். அதுவரை விடாதே.

மற்றவை சின்ன வேலைகள். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்துப் பார். கார்புரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தாதே, துளை பெரிதாகிவிடும், ஊதியே சுத்தம் செய். டேங்க் துருவுக்கு வினிகர் ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காயவை. பெயின்ட்டைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. இன்ஜின் ஓடுமுன்னே பெயின்ட் கடைக்கு ஓடுகிறவனை எனக்குப் பிடிக்காது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் டேங்கின் தங்கக் கோட்டைக் கையாலேயே, ஸ்கேல் வைக்காமல் ஒரே இழுப்பில் இழுத்தார்கள். அந்தக் கோட்டின் மேல் உப்புத்தாள் ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை யோசி. அப்புறம், நல்ல வண்டியின் சேஸிஸை அறுத்து, காது கிழிகிற சைலன்சர் மாட்டி, அதற்கு 'மாடிஃபிகேஷன்' என்று பெயர் வைக்கிற கூட்டத்தில் சேராதே. பிரிப்பது வேறு, கெடுப்பது வேறு.

தங்கச்சி, நீ ஏன் திண்ணையிலேயே நிற்கிறாய்? டேப்பட் விரலைப் பார்க்குமே தவிர, விரல் யாருடையது என்று பார்க்காது. இறங்கி வா.

காகிதமும் பார்த்துவிடு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். தாத்தா பெயரில் இருந்து, அவர் காலமாகிவிட்டால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு, அதன்பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டிக்கு 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால், 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகவும் பதியலாம், ஆனால் அதை அன்றாடம் ஓட்ட முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்று போய் நாளை வா என்பார்கள். எதிர்மரையையே கழற்றியவன், அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று களைத்துப்போவாயா?

சரி, அந்த நாள் வந்துவிட்டது. முதலில் கிராங்க் கேஸில் தேங்கிய ஆயிலை வடி. புல்லட்டுக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது, இன்ஜின் வார்ப்புக்குள்ளேயே அறை. வெகுநாள் நின்றால் ஆயில் கிராங்க் பக்கம் இறங்கிவிடும், வடிக்காமல் உதைத்தால் தெருவே புகைமண்டலம். புது ஆயில் ஊற்று. பெட்ரோல் குழாயைத் திற. சாவியைப் போடு. கிக்கரை மெல்ல அமுக்கு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு துளி கீழே விடு. லீவரை விடு. கிக்கரை மேலே கொண்டுவா.

இப்போது உதை. பயந்து பாதியில் காலை எடுக்காதே, பாதி உதைக்குத்தான் அது திருப்பி அடிக்கும். அடி வரை, முழுசாக!

பிடிக்கவில்லையா? சுற்றி நிற்கிறவன் சிரிக்கிறானா? சிரிக்கட்டும், பாயின்ட் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பிளக்கைக் கழற்றிப் பார். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பில்லை. காய்ந்திருந்தால் நெருப்பைச் சந்தேகிக்காதே, கார்புரேட்டரைப் பார். தேடு, திருத்து, மறுபடி உதை. பிடித்ததும் எகிறிக் குதிப்பதற்கு முன், ராக்கருக்குப் போகிற ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி ஆயில் கசிகிறதா என்று பார்த்துக்கொள். கசிந்தால் பம்பு வேலை செய்கிறது. இறுக்கிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் குதி.

அன்று சாயங்காலம் வண்டி நன்றாக ஆறியதும் ஹெட் நட்டுகளை இன்னொரு சுற்று இறுக்கு, டேப்பட்டை மறுபடி உருட்டிப் பார். முதல் 500 கிலோமீட்டர் ஆக்ஸிலேட்டரை முறுக்காதே, அந்தக் கணக்கு முடிந்ததும் ஆயிலை மாற்று. மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு ராஜ்தூத் நிற்கிறது என்று ஊரில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேள், கயிறு எடுத்துக்கொண்டு போ.